நடுவில் ஆளே கிடையாதாம்!

வங்கி வேண்டாம், மேனேஜர் வேண்டாம், தரகர் வேண்டாம், கணக்கு மட்டுமே பேசும் என்று சொல்லித்தான் பிளாக்செயினை விற்றார்கள். நாகமலை புதுக்கோட்டையில் வெள்ளைச்சாமி நாடார் கல்லூரிப் பையனுக்கும் அதே பாட்டு. காமராசர் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, பென்ஷன் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்திருப்பவருக்கும் அதே பாட்டு. "நடுவுல ஆளே கெடையாதுண்ணே!"

பிளாக்செயின் என்ற இந்தச் சங்கிலி ஒன்றல்ல, நூற்றுக்கணக்கு என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். ஒரு சங்கிலிக்கு இன்னொன்று இருப்பதே தெரியாது. இதில் எழுதியதை எடுத்துப்போய் அங்கே சாட்சி சொல்ல ஒரு மென்பொருள் வேண்டும். காஸ்மாஸ் என்ற சங்கிலிக் கூட்டத்தில் அதற்கு ரிலேயர் என்று பெயர். அதை ஓட்ட ஓர் ஆள் வேண்டும். அவன் தூங்கினால் உங்கள் பணமும் தூங்கும்.

அந்த ரிலேயருக்கு வரும் நோய்களைக் கேளுங்கள். வரிசை எண் 32 வரவேண்டிய இடத்தில் 31 வந்துவிட்டது என்று முரண்டுபிடிக்கும். கட்டணம் கட்டும் பர்ஸ் காலி என்று நிற்கும். எதிர்ச் சங்கிலியின் நிலவரத்தைக் குறித்த கெடுவுக்குள், பெரும்பாலும் இரண்டு வாரம், புதுப்பிக்காமல் விட்டால் பாதையே காலாவதி. திறக்க வேண்டுமென்றால் ஓட்டெடுப்பு நடத்த வேண்டும். மற்றதற்கெல்லாம் நம்மூர் வைத்தியம்தான்: அணைத்துப் போடு. உலகப் பொருளாதாரத்தைப் புரட்டிப்போட வந்த புரட்சி, கடைசியில் அணைத்துப் போடுவதில் வந்து நிற்கிறது.

பணம் போய்ச் சேராவிட்டால் திரும்ப வந்துவிடும் என்பார்கள். வரும். ஆனால் போய்ச் சேரவில்லை என்ற சாட்சியத்தைச் சுமந்து வரவும் அதே ரிலேயர்தான் வேண்டும்! இவ்வளவு சுமப்பவனுக்கு நெறிமுறையில் நெடுங்காலம் ஒரு பைசா கூலி கிடையாது. பரிவர்த்தனைக் கட்டணமும் அவன் கைக்காசு. நடுவில் ஆள் இல்லை என்று அவர்கள் சொன்னது, நடுவில் இருப்பவனுக்குச் சம்பளம் இல்லை என்பதைத்தான் போலிருக்கிறது.

ஏழைச் சுமைகாரனாவது நேர்மையானவன். சங்கிலிக்குச் சங்கிலி பணம் கடத்தும் பெரிய பாலங்களைப் பாருங்கள். ரோனின் பாலத்தில் ஒன்பது சாவிகள், பணத்தை எடுக்க ஐந்து போதும். அவற்றில் நான்கு ஒரே கம்பெனியின் கையில். 2022 மார்ச் 23-ல் 60 கோடி டாலருக்கு மேல் போனது. காவல்காரன் ஒருவனுக்கும் தெரியவில்லை. ஆறு நாள் கழித்து யாரோ ஒரு வாடிக்கையாளர், பணம் எடுக்க முடியவில்லையே என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நோமாட் பாலம் இன்னும் தாராளம்: முதல் திருடன் அனுப்பிய பரிவர்த்தனையைக் காப்பியடித்து, முகவரியை மட்டும் மாற்றி எவன் வேண்டுமானாலும் அள்ளலாம். அள்ளினார்கள்.

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 2024 ஜூலை 18-ல் வசீர்எக்ஸ் என்ற கிரிப்டோ பரிவர்த்தனைத் தளத்தில் சுமார் 23 கோடி டாலர் களவு போனது. போனவை எத்தீரியம் சங்கிலியைச் சேர்ந்த டோக்கன்கள். சென்னைப் பெண் ஒருவர் ஏறக்குறைய இரண்டு லட்ச ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்ததோ 3,532 எக்ஸ்ஆர்பி. அது வேறு சங்கிலி, வேறு நாணயம். திருடன் அதைத் தொடவே இல்லை. ஆனாலும் அவர் கணக்கு முடங்கியது. சிங்கப்பூர் நீதிமன்றத் திட்டப்படி இழப்பை எல்லா வாடிக்கையாளரும் பங்கிட வேண்டும் என்றது கம்பெனி. லாபத்தில் யாராவது இப்படிப் பங்கு கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்?

சங்கிலிக்குச் சங்கிலி பேச்சுவார்த்தையே இல்லாத உலகத்தில், நஷ்டம் மட்டும் பாலமும் இல்லாமல், ரிலேயரும் இல்லாமல், வரிசை எண் ஒன்றுகூடப் பிசகாமல் தாண்டிவிட்டது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், களவு போனது வேறு, அந்தப் பெண்ணுடையது வேறு என்று எடுத்துச்சொல்லி, கிரிப்டோவும் சொத்துதான் என்று தீர்ப்பெழுத வேண்டியிருந்தது. ஒருவருடைய பொருள் அவருடையது என்று சொல்லவே உயர் நீதிமன்றம் வரை படியேற வேண்டும்!

அரசாங்கம் மட்டும் சும்மாவா? 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்தில் 30 சதவீதம் வரி. ஒரு நாணயத்தில் விட்டதை இன்னொன்றில் பிடித்ததோடு கழிக்கக் கூடாது. அந்த ஆண்டு ஜூலையிலிருந்து விற்கும்போது ஒரு சதவீதம் பிடித்தம் வேறு. இத்தனை பாலங்கள் இடிந்த காலத்தில், டெல்லிக்குப் போகும் அந்த ஒரு ரிலேயர் மட்டும் ஒருநாளும் பழுதாகவில்லை.