வேண்டாத சாமான்

(சுந்தரபாண்டியத்துச் சாலையோரத்தில் ஒரு மோட்டார் பட்டறை. தை மாதத்து முற்பகல். கொடைக்கானலிலிருந்து ஜலதோஷத்தோடு திரும்பிய ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், பில் புத்தகம் காற்றில் புரளாதபடி அதன்மேல் வைத்திருந்த வில் சுற்றிய பித்தளைச் சாமானை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருக்கிறார். மேஸ்திரியின் தலை பானெட்டுக்குள் இருக்கிறது.)

தலைமையாசிரியர்: மேஸ்திரியாரே, பேரையூர், உசிலம்பட்டி, வத்தலக்குண்டு மார்க்கமாக மலையேறி, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள அந்த ஏரிக்கரையை நாங்கள் அடைந்தபோது, மூக்கு தன்னிடத்தில் இருக்கிறதா என்பதைத் தொட்டுப் பார்த்தே நிச்சயித்துக்கொள்ள வேண்டிய நிலையிலிருந்த என் சகதர்மிணி, "ஹீட்டர் என்று ஏதோ இருப்பதாகப் பெருமையடித்தீர்களே" என்று ஞாபகப்படுத்த, நானும் திருகைச் சிவப்புக் கோட்டின் பக்கமாக முழுவதும் திருப்பி விசிறியை முடுக்கினேன், வெளியே தாராளமாக வீசிக்கொண்டிருந்த அதே குளிர்காற்று, உள்ளேயும் தாராளமாக வீசிற்று.

மேஸ்திரி: காற்று வந்ததல்லவா, ஐயா? அப்படியானால் ப்ளோயர் பழுதில்லை. பாதி வேலை முடிந்த மாதிரி.

தலைமையாசிரியர்: மீதிப் பாதி?

மேஸ்திரி: டேஷ்போர்டை இறக்கி, ஹீட்டர் காயிலை மாற்றி, ஏற்றிவிட வேண்டியதுதான். வண்டி இரண்டு நாள் நிற்கட்டும். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆனி ஆடியிலும் புழுதி பறக்கும் இந்தச் சீமையில் ஹீட்டரைத் தேடி வந்த முதல் மனிதர் நீங்கள்தான். ஒரு கம்பளி வாங்கினால் இதைவிடச் சகாயம்.

தலைமையாசிரியர்: சகாயம் பிறகு, சாஸ்திரத்தை முதலில் பார்ப்போம். எஞ்சின் எப்படியும் ஊருக்குத் தானம் செய்யப்போகிற உஷ்ணத்தில் ஒரு பங்கை, டேஷ்போர்டுக்குப் பின்னே ஒளிந்திருக்கும் அந்தச் சிறிய ரேடியேட்டருக்குள் வெந்நீராக ஓடவிட்டு, அதன் மேனியை உரசிக்கொண்டு வரும்படி காற்றை ஊதுவதேயன்றி, ஹீட்டர் என்பது தனியாக ஓர் அடுப்பு அன்று என்றும், ஆகையால் கையை வைப்பதற்கு முன் அதற்குப் போகும் ஹோஸையும் அதிலிருந்து திரும்பும் ஹோஸையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றும் டொரான்டோவில் இருக்கும் என் மருமகன் டெலிபோனில் விஸ்தாரமாக விளக்கினான். ஜனவரியில் அந்த ஊரில் ஹீட்டர் இல்லாத காரில் ஏறுகிறவன் கண்ணாடியில் படியும் பனியைச் சுரண்டிக்கொண்டே பிரயாணம் செய்ய வேண்டியதுதானாம்.

மேஸ்திரி: தொட்டுப் பார்த்து?

தலைமையாசிரியர்: இரண்டும் கொதித்தால் வெந்நீர் வந்து போகிறது, குற்றம் உள்ளே காற்றைத் திருப்பும் கதவிலோ அதன் கேபிளிலோ இருக்கிறது. ஒன்று கொதித்து மற்றொன்று குளிர்ந்திருந்தால் காயில் அடைத்திருக்கிறது. இரண்டும் குளிர்ந்திருந்தால் தண்ணீர் குறைந்திருக்கிறது, அல்லது ஏர் லாக், அல்லது எஞ்சினே சூடாகவில்லை.

(மேஸ்திரி எஞ்சினை ஓடவிட்டு, பீடி ஒன்று தீரும் நேரம் காத்திருந்து, இரண்டு ஹோஸ்களையும் பிடித்துப் பார்க்கிறார். இரண்டும் குழந்தையைக் குளிப்பாட்டலாம் என்கிற பதத்தில்தான் இருக்கின்றன. டெம்பரேச்சர் முள் அடிக்கோட்டை விட்டு எழவேயில்லை.)

மேஸ்திரி: தண்ணீர் நிறையவே நிற்கிறது. குமிழியும் வரவில்லை. ஐயா, அங்கே மேடு ஏறும்போதும் இதே குளிர்தானா?

தலைமையாசிரியர்: நல்ல கேள்வி. மேடு ஏறுகையில் ஏதோ கடமைக்கு வெதுவெதுத்தது. இறங்குகையில், பெருமாள் மலை தாண்டியும், சுத்தப் பனி. பெட்ரோலும் வழக்கத்தைவிட அதிகமாகக் குடிக்கிறது.

மேஸ்திரி: (சற்று மௌனத்துக்குப் பின்) அப்படியானால் வால்வு இல்லை.

தலைமையாசிரியர்: பழுதாகிவிட்டதா?

மேஸ்திரி: பழுதாவதற்கு அது இருக்க வேண்டுமே! தெர்மோஸ்டாட் வால்வு, ஐயா. எஞ்சின் பதமான சூட்டுக்கு வரும்வரை தண்ணீரைப் பெரிய ரேடியேட்டர் பக்கம் விடாமல் மறித்து நிற்கும் சாமான். அதில்லாவிட்டால் ஸ்டார்ட் செய்த நிமிஷத்திலிருந்தே தண்ணீர் முழுச் சுற்றுப் போய் ஆறிக்கொண்டே இருக்கும். குளிர் ஊரில் எஞ்சினும் சூடாகாது, ஹீட்டரும் சூடாகாது.

தலைமையாசிரியர்: அவ்வளவு இன்றியமையாத ஒரு துவாரபாலகனை என் வண்டியிலிருந்து நீக்கிய மகானுபாவர் யாரோ?

மேஸ்திரி: அக்கினி நட்சத்திரத்தில் கிருஷ்ணன்கோவில் முக்கில் தண்ணீர் பொங்கி நின்றீர்களே, ஞாபகமில்லையா? வெயில் ஊரில் வேண்டாத சாமான் என்று நான்தான் கழற்றினேன். கம்பெனிக்காரன் காஷ்மீரத்தையும் மனசில் வைத்து நூறு சாமான் மாட்டுவான். அதில் எது நமக்கு வேண்டாம் என்று கண்டுபிடித்து எறிகிறவன்தான் மெக்கானிக். முள் இறங்கியதா இல்லையா? அன்றைக்கு நீங்கள்கூட என்னை மெச்சினீர்கள்.

தலைமையாசிரியர்: பொங்கியதற்கு வால்வா காரணம்?

மேஸ்திரி: காரணம் ரேடியேட்டரில் படிந்த உப்பு. போர்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே சுண்ணாம்புக் காளவாயே கட்டி வைத்திருந்தீர்கள். அதைக் கழற்றித் துலக்க ஒரு நாளாகும். வால்வை உருவக் கால் மணி. ராஜபாளையத்தில் முகூர்த்தம் தப்பிவிடும் என்று தலைமேல் நின்றது யார்?

(தலைமையாசிரியர் விடை தேடிக் கையிலிருக்கும் சாமானை நோக்குகிறார்.)

தலைமையாசிரியர்: அது கிடக்கட்டும். இதன் விளிம்பில் 82 என்று பொறித்திருக்கிறதே, 1982-ஆம் வருஷத்துப் புராதனப் பொருளா இது?

மேஸ்திரி: வருஷமில்லை, ஐயா, 82 டிகிரியில் வாய் திறக்கும் என்று அர்த்தம். உங்கள் வண்டியில் கழற்றியதுதான். காகிதத்தின்மேல் வைக்கக் கனம் அளவாக இருக்கிறது.

(பக்கத்து டீக்கடையில் தளதளவென்று கொதிக்கும் பாத்திரத்துக்குள், நூலில் கட்டிய வால்வை மேஸ்திரி இறக்குகிறார். உள்ளே அடைத்த மெழுகு சூட்டில் விரிந்து ஊசியைத் தள்ள, பித்தளைத் தட்டு வில்லை அமுக்கிக்கொண்டு விரற்கடைக்கும் குறைவாக மெல்ல விலகுகிறது. வெளியே எடுத்து ஆறவிட்டதும் தானாகவே மூடிக்கொள்கிறது. டீக்கடைக்காரர் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதற்குத் தனியாகக் காசு கேட்கிறார்.)

தலைமையாசிரியர்: ஆஹா, இத்தனை காலம் கணக்குப் பிள்ளையாக உத்தியோகம் பார்த்தும் சுயதர்மத்தை மறக்கவில்லை! மாட்டிவிடும். கூலி எவ்வளவு?

மேஸ்திரி: கழற்றிய கூலி அப்போதே வந்துவிட்டது. இது மாட்டுகிற கூலி, ரேடியேட்டர் துலக்குகிற கூலி, கேஸ்கெட் ஒன்று, பிறகு கூலன்ட்.

தலைமையாசிரியர்: கூலன்ட் எதற்கு?

மேஸ்திரி: உப்புப் படியாமலும் துருப் பிடிக்காமலும் இருக்க. நல்ல தண்ணீரில் கலந்து ஊற்ற வேண்டும். கேன் அதோ இருக்கிறது, விலை ஒட்டியிருக்கிறது.

(தலைமையாசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி விலையை வாசிக்கிறார், மறுபடியும் வாசிக்கிறார்.)

தலைமையாசிரியர்: பச்சைச் சாயம் கலந்த ஜலத்துக்கு இவ்வளவு கொடுப்பது, சிக்கனத்தை முப்பது வருஷ காலம் பிள்ளைகளுக்குப் போதித்தவனுக்கு அழகன்று. பட்டறைக் குழாயில் வருவது போர்த் தண்ணீர்தானே? இப்போதைக்கு அதையே ஊற்றிவிடும்.

மேஸ்திரி: ஆகட்டும், ஐயா. சித்திரையில் வாருங்கள், வால்வைக் கழற்ற அதே பழைய கூலிதான்.