தொடக்கநிலை கோல்ஃப் ஆட்டக்காரரின் பை: மட்டைத் தேர்வு குறித்த ஆய்வு

கோல்ஃப் பையில் உள்ள மட்டைகள் இருவகைப்படும்: அடிப்பதற்கு உரியவை, சுமப்பதற்கு உரியவை. தேர்ந்தவர் பையில் முன்னது மிகும். புதியவர் பையில் பின்னது மிகும். ஒருவர் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. இது உச்சவரம்பு மட்டுமே. புதியவரோ இதைக் கட்டாயப் பாடத்திட்டமாகக் கொண்டு, பதினான்கையும் வாங்கிய பிறகே புல்லில் கால் வைக்கிறார்.

வரம்பே இல்லாத காலமும் இருந்தது. 1930களில் அமெரிக்கரான லாசன் லிட்டில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட மட்டைகளுடன் களமிறங்கினார். சுமந்தவர் கேடி எனப்படும் பைச் சுமப்பாளர் என்பதால் லிட்டிலின் ஆட்டம் கெடவில்லை. இப்பெருக்கத்தைத் தடுக்க அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1938இலும், செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ கோல்ஃப் அமைப்பு 1939இலும் பதினான்கு என்ற எல்லையை வகுத்தன. மீறினால் தண்டனை உண்டு. 2001 பிரிட்டிஷ் ஓப்பனின் இறுதி நாளில் ஆட்டக்காரர் இயன் வூஸ்னம் முதல் குழியை இரண்டே அடியில் முடித்தார். இரண்டாம் குழிக்குப் போனபோதுதான் பையில் டிரைவர் என்னும் மட்டை இரண்டு இருப்பதும், மொத்தம் பதினைந்து என்பதும் தெரிந்தன. தண்டனையாக இரண்டு அடிகள் சேர, இரண்டு நான்காயிற்று. தொடாத மட்டையாலும் அடி எண்ணிக்கை கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று இல்லை.

கீழெல்லை நிலவில் நிறுவப்பட்டது. 1971இல் அப்பல்லோ 14 பயணத்தின்போது விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்ட், மண் மாதிரி எடுக்கும் கருவியின் கைப்பிடியில் 6-அயர்ன் என்னும் மட்டையின் தலையைப் பொருத்தி, ஒற்றைக் கையால் வீசினார். முதலில் பெயர்ந்தது பெரும்பாலும் மண்ணே. மட்டை ஒன்றாயினும் பதினான்காயினும் தொடக்கநிலை மாறாது என்பது இதனால் பெறப்படும்.

இனிப் பரபக்கம். பதினான்கு வேண்டும் என்போர் கூறுவது: ஒவ்வொரு தொலைவுக்கும் ஒரு மட்டை உண்டு, அடுத்தடுத்த அயர்ன்களுக்கு இடையே பத்துப் பதினைந்து கெஜம் வேறுபாடு வரும், ஆகவே எதை விட்டாலும் அத்தொலைவு அனாதையாகும். தேர்ந்தவர் அளவில் இது உண்மை. புதியவரோ ஒரே 7-அயர்னால் 40 கெஜமும் அடிப்பார், 120 கெஜமும் அடிப்பார்; எது எப்போது என்பது மட்டுமே அவர் கையில் இல்லை. அத்தனை தொலைவையும் ஒரு மட்டையே தருகையில், அதன் இருபுறமும் 6, 8 என நிறுத்திவைப்பது கூறியது கூறல் என்னும் குற்றமாம்.

அடுத்து டிரைவர். பையில் மிக நீளமானது, மிக விலையுயர்ந்தது, முதலில் வாங்கப்படுவது. நீளம் 45 அங்குல அளவு. முகத்தின் சாய்வு பத்துப் பாகை அளவு. நீளம் கூடக்கூட முகத்தை நேராகக் கொண்டுவந்து பந்தில் சேர்ப்பது கடினம். சாய்வு குறையக்குறைய, முகம் சற்றே கோணினாலும் பந்து வளைந்து ஓடும். இவ்விரு கேடுகளும் ஒருங்கே அமைந்த கருவியைத்தான் புதியவர், ஊரார் பார்த்து நிற்க, முதல் அடிக்கு எடுக்கிறார். 18 பாகைச் சாய்வுள்ள 5-வுட் மட்டையால் அடித்த பந்து சில கெஜம் குறைவாகப் போகும்; ஆனால் அந்தக் களத்துக்குள்ளேயே போகும்.

நீண்ட அயர்ன்களை விலக்குவதற்கு ஆப்த வாக்கியமே உண்டு. மின்னல் வெட்டும்போது 1-அயர்னைத் தூக்கிப் பிடித்தால் போதும், அதைக் கடவுளாலும் அடிக்க முடியாது என்பது ஆட்டக்காரர் லீ டிரெவினோவின் வேடிக்கை. 1975இல் களத்திலேயே மின்னல் தாக்கிப் பிழைத்தவர் அவர். இப்பொருளில் அவரினும் தகுதியுடையோர் அரியர். 3, 4 அயர்ன்களின் இடத்தில் பிற்காலத்தார் வுட்டுக்கும் அயர்னுக்கும் இடையே ஹைபிரிட் என்ற ஒன்றைச் சேர்த்தனர். இடைச்செருகல்களுள் மூலத்தினும் பயன்மிக்கது இது.

சாண்ட் வெட்ஜை விடலாகாது. 1932இல் ஜீன் சரசென் அடிப்பாகம் தடித்த வெட்ஜைக் கொண்டு பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். அந்தத் தடிப்பு மணலில் புதையாமல் வழுக்கிச் செல்ல, பந்து மணலோடு எழும். புதியவர் பொழுதின் கணிசமான பகுதியை மணலிலேயே கழிப்பதால், அதற்குரிய கருவி அவருக்கே பெரிதும் உரியது.

பந்தை உருட்டிக் குழியில் இடும் பட்டர் பற்றிக் கணக்கு ஒன்றே போதும். 18 குழிகளுக்கு வகுத்த 72 அடிகளில், குழிக்கு இரண்டாக 36 பட்டருக்கே ஒதுக்கப்பட்டவை. நான்கு குறுங்குழிகள் உள்ள வழக்கமான களத்தில் டிரைவருக்கு வாய்ப்பு அதிகம் போனால் பதினான்கு. கடைக்காரரிடம் செலவாகும் பணம் இதற்கு நேர்மாறான விகிதத்தில் அமைவது ஆய்வாளரை வியக்கவைக்கிறது.

ஆக, சுபக்கம்: 5-வுட், ஒரு ஹைபிரிட், 7-அயர்ன், 9-அயர்ன், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர். ஏழு போதுமா என்பார்க்கு, 1916 யு.எஸ். ஓப்பனைச் சிக் எவன்ஸ் ஏழு மட்டைகளால் வென்றார் என்பது விடை. பழைய மட்டைகளே போதும். பிடி வழுக்கினால் ரப்பரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஒழிபு: டிரைவர் ஒன்றின் எடை ஏறக்குறைய 320 கிராம். விதிப்படி பந்து ஒன்று 45.93 கிராமுக்கு மிகக் கூடாது. டிரைவரை வீட்டில் விட்டவர் அதே எடைக்கு ஏறத்தாழ ஏழு பந்துகள் கூடுதலாகக் கொண்டுபோகலாம். குளமுள்ள களமாயின் ஹைபிரிட்டையும் விட்டு, மேலும் ஏழு.