மூக்கால் குடிப்பவர்

குடிப்பதற்கு முன்னால் மோந்து பார்க்க வேண்டும். அதுதான் அவருடைய சட்டம். டம்ளரைத் தூக்கி ட்யூப்லைட்டுக்கு நேரே பிடிப்பார். ஒரு கண்ணைச் சுருக்குவார். மணிக்கட்டை மட்டும் அசைத்து உள்ளே இருப்பதைச் சுழல விடுவார். அப்புறம் மூக்கை விளிம்புக்குள் இறக்கிக் கண்ணை மூடிக்கொள்வார். எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு நாக்கு வறண்டு கிடக்கும். தாகத்துக்குக் குடிப்பவன் பாமரன், வாசனைக்குக் குடிப்பவன்தான் ரசிகன் என்பது அவர் கட்சி. விளாத்திகுளத்துச் சித்திரை வெயிலில் அந்தக் கட்சிக்கு டெபாசிட் தேறாது என்று சொன்னால் கேட்கிறாரா?

முன்னெல்லாம் நன்றாகத்தான் இருந்தார். கோவில்பட்டியில் இன்ஜினியரிங் படித்த நாளில் ஜில்லென்று இருப்பதெல்லாம் அவருக்கு நல்ல பீர். பெங்களூர் போய்ச் சேர்ந்ததும் மூக்கு முளைத்துவிட்டது. இப்போது ஊருக்கு வருகிறாரென்றால் மைசூர் எக்ஸ்பிரஸில் கோவில்பட்டியில் இறங்கி, எட்டயபுரம் வழியாக பஸ் பிடித்து வருவார். பையில் ஒரு கண்ணாடிக் கோப்பை, துண்டில் சுற்றிப் பத்திரமாக இருக்கும். வயிறு பெருத்து வாய் சிறுத்த கோப்பை அது. வாசனை வெளியே ஓடிவிடாமல் தேக்கி வைக்குமாம். பெற்ற தாயார் வாசலில் நிற்கையில் முதலில் பையைத் தடவி, கோப்பை முழுசாக இருக்கிறதா என்று பார்க்கிற பிள்ளையை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பாவம், அந்தக் கோப்பைக்கு இங்கே என்ன வேலை? பெங்களூரில் அவருக்கு இந்திராநகரில் டாய்ட், ஒயிட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ் என்று கோயில் கோயிலாக இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய பெரிய அண்டாவில் அங்கேயே வடித்து, அங்கேயே குழாயில் பிடித்துத் தருகிறார்கள். கிராஃப்ட் பீர் என்று அதற்குப் பெயர். 2009-ல் புனேயில் டூலாலி என்கிற இதே மாதிரிக் கடை ஆரம்பித்த கதையிலிருந்து அத்தனையும் தேதிவாரியாகச் சொல்வார். நமக்கோ 1983-ல் பிறந்து 2003 முதல் சில்லறைக் கடையையும் தானே நடத்துகிற டாஸ்மாக் ஒன்றுதான். கம்பிக்குள் கையை விட்டு வாங்கும் இடம். அங்கே போய் நின்று, பின்னால் வரிசை முறுக்கிக்கொண்டிருக்க, "கோதுமையில செஞ்ச பீர் ஏதும் இருக்குமாண்ணே?" என்று கேட்டாரே பார்க்கலாம். உள்ளேயிருந்தவர் நிமிரக்கூட இல்லை. "கோதுமைக்கு ரேஷன் கடைக்குப் போங்க தம்பி."

அந்தக் கோதுமை பீரைப் பற்றி ஆரம்பித்தால் பொழுது போய்விடும். ஜெர்மனியில் பவேரியா என்கிற சீமையில் 1516-லேயே பீருக்குச் சட்டம் போட்டார்களாம். பார்லி, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ, தண்ணீர், இந்த மூன்றைத் தவிர எதுவும் சேர்க்கக் கூடாது. அந்தச் சட்டத்தில் கோதுமையும் இல்லை, ஈஸ்டும் இல்லை. ஆனால் கோதுமை பீருக்கு உயிரே அந்த ஈஸ்ட்தான். வாழைப்பழம் போடாமலே வாழைப்பழ வாசம், கிராம்பு போடாமலே கிராம்பு வாசம். இதுவரை நான் ஒப்புக்கொள்கிறேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவர் இதைச் சொன்னது ஏரலிலிருந்து வந்திருந்த வாழை வியாபாரி ஒருவர் முன்னால். வியாபாரி நிதானமாகக் கேட்டார்:

"என்ன பழம்?"

"வாழைப்பழம் அண்ணாச்சி."

"அது சரி. ரஸ்தாளியா, கோழிக்கூடா, ஏத்தனா, நாட்டுப்பழமா?"

நம்மவருக்கு மூச்சு நின்றுவிட்டது. பெங்களூரில் இதுவரை ஒருவரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. ஐசோஅமைல் அசிடேட் என்கிற சரக்கு, மிட்டாய்க் கம்பெனிக்காரர்கள் போடுகிற எசன்ஸில் இருப்பதும் அதுவேதான் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். "அப்ப மிட்டாய் வாசம்னு சொல்லுங்க தம்பி, எதுக்குப் பழத்தை இழுக்கீக?" என்று வியாபாரி எழுந்து போய்விட்டார்.

பீரோடு நின்றால் பரவாயில்லை. மூக்கு ஒரு தடவை திறந்துகொண்டால் மூடுகிற வழி கிடையாதுபோல. பஸ் ஸ்டாண்டு டீயை மோந்து பார்த்து "புகை வாசம் வருது" என்றார். கரி அடுப்புக் கடை அது, வராமல் எங்கே போகும்? ரசத்தை மோந்தார். பன்னீர் சோடாவை மோந்தபோது கேஸ் மூக்கில் ஏறிக் கால் மணி நேரம் தும்மினார். அவர் அம்மா மீன்குழம்பை முன்னால் வைத்துவிட்டு நிற்கிறார்கள். வேம்பாரிலிருந்து காலையில் வந்த மீன். மகன் தட்டை மூக்குக்குத் தூக்குகிறான். "ஏல, கெட்டுப்போச்சான்னா பாக்குத?" என்று அந்த அம்மா முகம் வாடினதைப் பார்த்த யாரும் கிராஃப்ட் பீரை மன்னிக்க மாட்டார்கள்.

ஒரு வாய்க்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார் தெரியுமா? ஒரே ராகத்தை மணிக்கணக்காக விரித்துப் பாடியவர் எங்கள் ஊர் நல்லப்ப சுவாமிகள். நம்மவர் ஒரு மடக்கில் அந்த ஆலாபனையைச் செய்வார். என்ன, சுவாமிகள் பாடப் பாட ராகம் சூடு பிடித்தது. இவர் பேசப் பேச பீர் சூடாகிறது.

இந்தியா பேல் ஏல் என்று ஒன்று உண்டு. கசப்பென்றால் கசப்பு, வேப்பங்கொழுந்து தோற்கும். அதற்கும் சரித்திரம் வைத்திருக்கிறார். லண்டன் போ ஆலையில் ஹாட்ஜ்சன் என்பவர் வடித்த பீரைக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் அனுப்பினார்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வர மாதக்கணக்காகும். வழியில் கெடாமலிருக்க ஹாப்ஸை அள்ளிப் போட்டார்கள். அதனால்தான் அந்தக் கசப்பு. "நமக்காகப் போட்ட கசப்பு அண்ணாச்சி!" என்று நெஞ்சு விம்மச் சொன்னார். நமக்கா, நம்மை ஆண்டவனுக்கா என்று கேட்டேன். கட்டபொம்மன் சீமையில் உட்கார்ந்து இதைக் கேட்காமல் விட முடியுமா? மனுஷர் மறுபடியும் மூக்கைக் கோப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

அவரைப் பதநீர் குடிக்கக் கூட்டிக்கொண்டு போனது என் யோசனைதான். வைப்பாறு தாண்டித் தேரிப்பக்கம் ஒரு பனையேறி ஐயா, நல்ல வயசாளி. பனையோலைப் பட்டை மடித்து ஊற்றிக் கொடுத்தார். பட்டையைச் சுழற்ற முடியாது, சுழற்றினால் வேட்டியில் ஊற்றும். மூக்கை மட்டும் உள்ளே விட்டுக் கண்ணை மூடினார். ஐயா பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

"பச்சை மாங்காய் வாசம் லேசா மேலெழும்பி வருது," என்றார் நம்மவர், கண்ணைத் திறக்காமலே.

"வரும்லா. நாந்தான் ரெண்டு கீத்து நறுக்கிப் போட்டுருக்கேன்," என்றார் ஐயா.

இந்த இடத்தில் வேறு ஆளாக இருந்தால் அடங்கியிருப்பார். இவர் பெல்ஜியத்தை இழுத்தார். பிரஸ்ஸல்ஸ் பக்கம் லாம்பிக் என்று ஒரு பீர் வடிக்கிறார்கள். ஈஸ்ட் போடுவதே கிடையாது. காய்ச்சிய சாற்றை அகலமான தொட்டியில் ஊற்றி ராத்திரி திறந்து வைத்துவிடுவார்கள். காற்றில் இருக்கிற ஈஸ்ட் தானாக வந்து இறங்கும். குளிர் மாதங்களில்தான் வடிக்க முடியும். பிறகு மரப்பீப்பாயில் ஒரு வருஷம், மூன்று வருஷம்கூடக் கிடக்கும். உலகத்தில் அபூர்வமான சங்கதி என்று முடித்தார்.

ஐயா பாளை அரிவாளை இடுப்புப் பெட்டியில் செருகிக்கொண்டே கேட்டார். "கலயத்துல சுண்ணாம்பு தடவலேன்னா இங்க மத்தியானத்துக்குள்ள தானாப் பொங்கிரும். இதுக்கு மூணு வருசமா? அங்க அவனுக்கு மாலை போடுதான். இங்க எண்பத்தேழுல இருந்து எங்க மேல கேஸ் போடுதான்."

1987-லிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. அந்தத் தடையைப் பற்றி நம்மவர் ஒரு நாளும் பேசி நான் கேட்டதில்லை. அவர் தாத்தாவும் பனையேறிதான் என்பது அன்றைக்கு ஐயா விசாரித்த பிறகுதான் வெளியே வந்தது. இன்னார் பேரன் என்றதும் ஐயா இரண்டாவது பட்டைக்குக் காசு வாங்கவில்லை. நம்மவரும் அதை மோந்து பார்க்காமல் ஒரே மூச்சில் குடித்தார். மீசையெல்லாம் நுரை. அந்த நேரம் அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, மறைப்பானேன்.

ஆனால் பில் விஷயத்தை மட்டும் என்னால் விட முடியவில்லை.

பெங்களூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். விடுவாரா? ஒரு கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். மரப்பலகையில் குழி வெட்டி ஆறு சின்னக் கிளாஸ்கள் வந்தன. எங்கள் ஊர் இருமல் மருந்து அளவுதான் ஒவ்வொன்றும். ராத்திரியெல்லாம் ரயிலில் வந்த தாகம், கறுப்பாக இருந்ததை எடுத்து ஒரே மடக்கில் விட்டேன். "ஐயோ, அது கடைசியில குடிக்கிறது அண்ணாச்சி!" என்று கத்தினார், பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி. வெளுத்ததிலிருந்து கறுத்ததுக்குப் போக வேண்டுமாம். முதலில் கறுத்ததைக் குடித்தால் நாக்கு செத்துவிடுமாம். என் நாக்கு செத்தால் இவருக்கென்ன? மீதி ஐந்தையும் அவரே மோந்து அவரே குடித்தார். பிடித்துப்போனதில் பெரிய கிளாஸ் ஒன்று, அப்புறம் இன்னொன்று. நான் ஒரு லெமன் சோடா சொன்னேன், வறுத்த கடலை தின்றேன். பில் வந்தது. வரி, சர்வீஸ் என்று வால் வாலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் போனை எடுத்துச் சரிபாதியாக வகுத்தார்.

வாசனைக்கும் சேர்த்துத்தான் பங்கு போலிருக்கிறது. ஊருக்கு வந்து சேருமுன்பே ஜீபேயில் நினைவூட்டல் அனுப்பிவிட்டார். அனுப்பித் தொலைத்தேன். இப்போது ஆடிக்கொடைக்கு வருகிறாராம். மும்பையிலிருந்து புதுசாக ஏதோ ஹாப்ஸ் போட்ட கேன் வாங்கி வரட்டுமா என்று கேட்கிறார். வாங்கி வரட்டும். என் பங்கை அவரே குடித்துக்கொள்ளட்டும், காசு மட்டும் கேட்க வேண்டாம்.