அப்பத்தா சொன்னால்தான் கோ-லைவ்

ஆடி பிறந்தால் மற்ற ஊர்களில் துணிக்கடைக்காரர்கள் தள்ளுபடி தருவார்கள். எங்கள் பக்கம் தள்ளுபடி என்ற பேச்சுக்கே இடமில்லை. வாங்கியதைப் பைசா குறையாமல் திருப்பிச் செய்கிற மாதம் அது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், நெடுவாசல் என்று புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியிலும், எல்லை தாண்டிப் பேராவூரணி வட்டாரத்திலும் ஆடி, ஆவணி இரண்டு மாதமும் மொய் விருந்துதான். கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. பந்தல், ஆட்டுக்கறிச் சோறு, மொய் எழுதும் மேசை, அவ்வளவுதான் விசேஷம். ஒரு குடும்பத்துக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை முறை வரும். செலவைப் பங்கு போட்டுக்கொண்டு பல குடும்பங்கள் ஒரே பந்தலில் வைப்பதும் உண்டு. வட்டியில்லாமல் வந்த பணத்தில் போர்வெல் போடுவார்கள், பெண்ணைக் கட்டிக்கொடுப்பார்கள், வட்டியோடு வாங்கிய கடனை அடைப்பார்கள். வசூல் சில லட்சத்தில் முடிவதும் உண்டு, கோடியைத் தொடுவதும் உண்டு. பெரிய பந்தல்களில் நோட்டு எண்ணும் இயந்திரமும், துப்பாக்கியோடு காவலரும், பணத்தை அங்கேயே கட்டிக்கொள்ள வங்கிக்காரர்களும் வந்து உட்காருவார்கள்.

நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பிசினஸ் அனலிஸ்ட். வாடிக்கையாளர் கேட்பதை அவருக்கே புரியாத மாதிரி எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்குவது என் தொழில். ஊரில் இதை யாருக்கும் விளக்குவதில்லை. “கம்ப்யூட்டர்ல இருக்கான்” என்பதோடு சரி. 2023 ஆடியில் சித்தப்பா வீட்டு முறை வந்தது. “இந்தத் தடவ மொய்ய கம்ப்யூட்டர்ல எழுதப் போறோம். நீ கூட இருந்து பாத்துக்க தம்பி” என்று போன் செய்தார்.

இதற்கு முந்தைய விருந்து 2018 ஆடியில். அந்த நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வந்து தென்னந்தோப்புகளைப் படுக்கப் போட்டது. எழுந்திருப்பதற்குள் கொரோனா. இதற்கெல்லாம் நடுவில் யார் வீட்டுக்கு எவ்வளவு செய்தோம் என்பது அப்பத்தா மேற்பார்வையில் நீள நோட்டுகளில் ஏறிக்கொண்டே இருந்தது. பழைய கணக்கைப் புதிய மென்பொருளுக்கு மாற்றுவதை எங்கள் ஆபீஸில் ‘டேட்டா மைக்ரேஷன்’ என்போம். அதில் உயிர்போகும் வேலை என்னவென்றால், பழையதை எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். இங்கே எழுத வைத்தவர் திண்ணையிலேயே உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். இதைவிட ஒரு பிராஜெக்டுக்கு என்ன கொடுப்பினை வேண்டும்?

மொய் எழுதும் மென்பொருளைக் கொண்டுவந்த நிறுவனத்துத் தம்பிகள் லேப்டாப்பைத் திறந்து டெமோ காட்டினார்கள். பெயர், ஊர், செல் நம்பர், தொகை. நம்பர் போட்டால்தான் அடுத்த கட்டத்துக்கு நகரும்.

அப்பத்தா உலக்கையை நிறுத்தினார். “செத்துப்போனவுகளுக்கு எந்த நம்பரப் போடுவ?”

தம்பிகள் என்னைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் தகப்பன் பட்ட மொய்யை மகன் வந்து செய்வான். ஆனால் “அப்பா பேருலயே எழுதுங்க” என்பான். மேலோகத்துக்கு ஓடிபி அனுப்பும் வசதி இன்னும் வரவில்லை. நம்பர் கட்டாயமில்லை என்று முடிவாயிற்று.

விருந்து நாள்தான் கோ-லைவ், அதாவது மென்பொருள் நிஜ வேலைக்கு இறங்கும் நாள். அதற்கு முன்னால் ஓர் ஒத்திகை பார்த்துவிட வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். பழைய நோட்டு முழுவதையும் தம்பிகள் சிரத்தையாக ஏற்றியிருந்தார்கள். சோதனைக்கு ஒரு பெயரைத் தட்டியதும் பிரிண்டரிலிருந்து ரசீது வந்தது: ‘உயர்திரு. கோழிதிருடி சுப்பையா அவர்கள்’. ஒரே ஊரில் நாலைந்து சுப்பையா இருந்தால் அப்பத்தா வேறு எப்படித்தான் அடையாளம் வைப்பார்? அந்தக் கோழி செத்து ஒரு தலைமுறை ஆகிறது. சுப்பையா இன்றைக்கு ஊர்க்கூட்டத்தில் நியாயம் சொல்கிற ஆள். பட்டப்பெயர் திரையில் தெரியலாம், தாளில் வரக்கூடாது என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்த ரசீதுதான் உச்சம். நாம் ஒருவருக்கு 1,500 செய்திருக்கிறோம், அவர் 1,000 கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொண்டால், அடியில் கொட்டை எழுத்தில் ‘நிலுவை ரூ.500’. இதுதான் எங்கள் மென்பொருளின் தனிச்சிறப்பு என்றார் ஒரு தம்பி.

சித்தப்பா ரசீதைப் பிடுங்கினார். “இத அவன் கையில குடுத்தா எலையிலேருந்து எந்திரிச்சுப் போயிருவான்ப்பா!”

“கணக்கு சரிதானே சார்?”

கணக்கு சரிதான். குறைத்துச் செய்தவர் யார் என்று ராத்திரியே வீட்டில் பேசுவோம், ஐந்து வருஷம் பேசுவோம். மேசையில் மட்டும் பேசமாட்டோம். இந்த விதியை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்றே எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என் தொழிலின் கஷ்டமே இதுதான். வாடிக்கையாளரைக் கேட்டால் தெரிந்ததைச் சொல்வார். ரத்தத்தில் ஊறியதைச் சொல்லமாட்டார். அதற்கு நூறு கேள்வி எழுதிக்கொண்டு போவதைவிட, தப்பான ரசீது ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்ப்பது மேல்.

கடைசித் திரையில் ‘மொத்த வருமானம்’ என்று ஒரு பெட்டி மினுமினுத்தது. அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். “வருமானமா? பாதி நாம குடுத்தது திரும்பி வருது, மீதி நாம குடுக்க வேண்டியது. இதுல வருமானம் எங்கருக்கு?” திரும்பி வருவது பழைய நடை, புதிதாக வருவது புது நடை என்று தம்பிகள் இரண்டு பத்தியாகப் பிரித்தார்கள். வாங்கிய கடனை வருமானம் என்று காட்டும் திரைகளைப் பெரிய பெரிய நிறுவனங்களின் மீட்டிங்கில் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் ஒரு அப்பத்தா இருப்பதில்லை.

ஆட்கள் வாயால் கேட்பது ஒன்று, அவர்களுக்குத் தேவை இன்னொன்று என்பதை எங்கள் மாவட்டம் முன்பே ஒருமுறை கண்டுகொண்டது. 1991இல் அறிவொளி இயக்கம் இங்கே தொடங்கியபோது வேலைத்திட்டம் எழுத்தறிவுதான். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் பழகட்டும் என்று அதையும் இயக்கத்தில் சேர்த்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள், பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதி உலகறியச் செய்தார். அவர் பதிவு செய்த ஒரு விவரம் எனக்கு வேதவாக்கு: ஆண்கள் ஓட்டும் சைக்கிளே வேண்டும் என்றார்கள் சில பெண்கள், முன்னால் உள்ள பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! எங்கள் ஆபீஸாக இருந்தால், பெண் என்றால் லேடீஸ் சைக்கிள் என்று நாற்பது பக்க ஆவணம் தயாராகி, ஒப்புதலும் ஆகியிருக்கும்.

இதற்கிடையில் ரிசர்வ் வங்கி வேறு தன் பங்குக்கு ஒரு மாற்றம் கொண்டுவந்திருந்தது. மே 19ஆம் தேதி 2000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு. பெட்டியடியில் கிடந்த ரோஸ் நோட்டெல்லாம் ஆடியில் மொய் மேசைக்குத்தான் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அதைத் தனியே எண்ணிக் காட்ட ஒரு கட்டம் வேண்டும் என்றார் சித்தப்பா. ஒப்பந்தத்தில் இல்லாத புதுத் தேவை, தனிக் கட்டணம் ஆகும் என்றார்கள் தம்பிகள். “அறிவிச்சது நானா? பில்ல ரிசர்வ் வங்கிக்கு அனுப்பு” என்றார் சித்தப்பா. கட்டம் இலவசமாக வந்தது.

விருந்தன்று பதினொரு மணிக்கெல்லாம் வரிசை பந்தலைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. சித்தப்பா பதறிப்போய், சும்மா நின்ற மாமன் மச்சான்களை மேசைக்கு அனுப்பினார். ஒருவர் பெயரைத் திருப்பிச் சொல்ல, ஒருவர் நோட்டை மறுபடி எண்ண, ஒருவர் வந்தவரிடம் குசலம் விசாரிக்க, வரிசை இன்னும் நீண்டது. பிந்திப்போன வேலைக்கு ஆள் சேர்த்தால் அது மேலும் பிந்தும் என்று ஐபிஎம்மில் பெரிய மென்பொருள் வேலை ஒன்றை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975இலேயே புத்தகம் போட்டுவிட்டார். இதை நான் சித்தப்பாவுக்கு விளக்கப் போவதற்குள், மேசையில் பணம் வாங்கிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தார். அறிவொளிக் காலத்தில் சைக்கிள் பழகியவர். “எல்லாரும் போயி பந்தியில தண்ணி வைங்க” என்றார். வரிசை நகர்ந்தது. புரூக்ஸ் ஒரு நூல் முழுக்கச் சொன்னதை அத்தை ஒரு வரியில் முடித்துவிட்டார்.

சாயங்காலம் கணக்கு ஒத்துப்போனது. அப்பத்தா தலையசைத்தார், எங்கள் பாஷையில் அதுதான் சைன்-ஆஃப். பராமரிப்பு ஒப்பந்தம் பற்றிப் பேச்சு வந்தது. கூப்பிட்டால் வருவார்களா, அடுத்த முறை வரைக்கும் கம்பெனி இருக்குமா என்று சித்தப்பாவுக்கு ஒரே கவலை. கறிச்சோறு சாப்பிட்ட கூச்சத்தில் தம்பிகளில் ஒருவர் தன் பங்குக்கு 500 ரூபாய் மொய் எழுதியிருந்தார். அந்தப் பெயரைத் திரையில் பார்த்ததும் அப்பத்தா நோட்டை எடுத்துவரச் சொன்னார்.

“ஒப்பந்தமெல்லாம் எதுக்கு? புது நடை பட்டிருக்கான்ல. அவன் வீட்டுல ஒரு விசேஷம்னா நாம போகணும், நம்ம வீட்டுல ஒன்னுன்னா அவன் வரணும். எங்க போயிருவான்?”

தம்பியின் ஊர், தகப்பனார் பெயர், தெரு எல்லாம் விசாரித்து நோட்டில் ஏற்றினார்கள். பட்டப்பெயர் என்ன வைத்தார் என்று நான் எட்டிப் பார்ப்பதற்குள் அப்பத்தா நோட்டை மூடிவிட்டார்.