செலவே வைக்காத வண்டி

தஞ்சாவூர் வட்டாரத்தில் மாருதி 800 வைத்திருந்தவர் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். திருவையாற்றுக்காரர், பாபநாசத்துக்காரர், மன்னார்குடிக்காரர் எல்லோரிடமும் ஒரே வாக்குமூலம்தான்: "செலவே வைக்காத வண்டி சார். ஆயிலை மாத்தி பெட்ரோலைப் போட்டாப் போதும், கை வைக்கிற வேலையே கிடையாது." வாய்க்கால் முறையிலும் கோயில் முதல் மரியாதையிலும் இரண்டு பேர் ஒத்துப்போகாத ஊரில் இத்தனை பேர் சொல்லிவைத்தாற்போல ஒரே சாட்சி சொன்னால் எந்த நீதிபதிக்கும் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. யோசித்துப் பார்த்ததில் சாட்சிகள் பொய் சொல்லவில்லை என்றே படுகிறது. அவர்கள் போடும் கணக்குதான் தனி. அதே கணக்கை மத்திய அரசு நெல்லுக்குப் போட்டால் மறுநாள் மறியலில் சோழன் எக்ஸ்பிரஸ் ரயில் கும்பகோணத்தைத் தாண்டாது.

நெல்லின் சாகுபடிச் செலவைப் பார்க்கும் வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம் அதைப் பல விதமாகக் கூட்டுகிறது. மூன்று விதம் நமக்குப் போதும். விதை, உரம், மருந்து, ஆள் கூலி, டீசல், குத்தகை என்று கையை விட்டுப் போன செலவு மட்டும் என்றால் ஏ2. வீட்டாள் உழைப்புக்கும் ஒரு கூலியை மதிப்பிட்டுச் சேர்த்தால் ஏ2+எஃப்.எல். சொந்த நிலத்துக்கு வாடகை, சொந்த முதலுக்கு வட்டி எல்லாம் சேர்த்தால் சி2. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004 முதல் 2006 வரை இயங்கிய தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் வைத்து ஆதரவு விலை கொடுக்கச் சொன்னது. எந்தச் செலவுக்கு மேல் என்பதில்தான் இன்றைக்கும் சண்டை. 2018-இல் ஒன்றரை மடங்கு கொடுத்தாயிற்று என்று அரசு சொன்னது ஏ2+எஃப்.எல். கணக்கில், விவசாயச் சங்கங்கள் கேட்பது சி2. நியாயம் சங்கங்களின் பக்கம் என்பது என் கட்சி. முறைத் தண்ணீருக்காக நடுராத்திரியில் டார்ச் லைட்டோடு மடைக்குப் போகிறவரின் தூக்கத்துக்கு விலை போடாத கணக்கு என்ன கணக்கு? ஆனால் இதே மனிதர் வரப்பிலிருந்து ஏறி வந்து காரில் உட்கார்ந்ததும், வேளாண் ஆணையமே கூச்சப்படும் அளவுக்கு ஏ2-வுக்கும் கீழே இறங்கிவிடுகிறார்.

ஆதாரம் வேண்டுமா? கார்புரேட்டர் காலத்து 800-இல் ஜெட் அடைத்துக்கொள்ளும். வண்டி விக்கும், இருமும், மூன்றாவது கியரில் மூச்சு வாங்கும். வீட்டுக்காரர் பானெட்டைத் தூக்கி, கார்புரேட்டரைப் பிரித்து, ஜெட்டை வாயில் வைத்து ஊதி, ஞாயிற்றுக்கிழமையை முழுசாகத் தொலைத்து மாட்டி முடிப்பார். செலவு? ஒன்றுமில்லை, ஞாயிற்றுக்கிழமைதானே. கிளட்ச் கேபிள் வெண்ணாற்றங்கரை ரோட்டில் அறுந்துபோகும். முதல் கியரில் போட்டுச் செல்ஃப் அடித்தே வண்டியை நகர்த்தி, கிளட்ச் இல்லாமலே ஊர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வருவது டெல்டாவில் ஒரு ஆண்மகனின் குறைந்தபட்சத் தகுதி. அடுத்த நாள் மச்சான் டவுனிலிருந்து வரும்போது கேபிள் வாங்கி வருவார். காசை மச்சான் கேட்க மாட்டார், இவர் கொடுக்க மாட்டார். சம்பா அறுப்பு முடிந்ததும் வயலில் வேலையில்லாத எலிகள் காருக்குள் குடியேறி ஒயரைக் கடிக்கும். எலெக்ட்ரீஷியனுக்குக் கொடுத்தது வண்டிச் செலவா? எப்படி ஆகும்? வண்டி என்ன தப்புச் செய்தது? அது எலிச் செலவு. வெள்ளத்தில் முங்கியது புயல் செலவு. மைத்துனன் ஓட்டிப் பழகி மதகுக் கட்டையில் இடித்தது உறவுச் செலவு. இப்படி ஒவ்வொன்றையும் உரியவர் பெயரில் பற்று எழுதிவிட்டால், பாவம், அந்தக் காரின் பெயரில் எழுத ஆயிலைத் தவிர வேறு என்ன மிஞ்சும்?

இந்தக் கணக்கின் உச்சத்தைக் காண வேண்டுமானால் நவகிரகக் கோயில் சுற்றுக்குப் போக வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணிக்கைக்கும் உள்ளே இருக்கும் தலைகளுக்கும் சம்பந்தமில்லாமல் ஒரு குடும்பம் திங்களூரில் தொடங்கி ஆலங்குடி, திருநாகேஸ்வரம் என்று போய்த் திருநள்ளாற்றில் முடிக்கும். திருநள்ளாறு காரைக்கால் மாவட்டம். அங்கே புதுச்சேரி வரி என்பதால் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. சனீஸ்வரனுக்கு எள் விளக்கு ஏற்றிய கையோடு டேங்கை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டால்தான் பரிகாரம் பூர்த்தியாகும். முப்பது லிட்டருக்கு மேல் பிடிக்காத டேங்கில் என்ன பெரிய மிச்சம் வந்துவிடும் என்று கேட்கக் கூடாது. போய்வந்த செலவு கோயில் கணக்கு. பெட்ரோலில் வந்த லாபம் கார் கணக்கு. ஆகவே அந்த மாதம் கார் சம்பாதித்திருக்கிறது.

"சொந்தக் கார் என்ன வியாபாரமா? சௌகரியத்துக்கு வாங்கியதற்கு யாராவது வட்டி போடுவார்களா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டிவி பெட்டிக்கு நானும் வட்டி போடுவதில்லை. ஆனால் "செலவே இல்லை" என்பது சௌகரியத்தைப் பற்றிய பேச்சில்லையே. அது கணக்கைப் பற்றிய பேச்சு. பேச்சு கணக்கில் வந்துவிட்டால் நோட்டைத் திறந்துதான் ஆக வேண்டும். 2005 வாக்கில் சுமார் 2 லட்சம் ரூபாய்க்கு ஒருவர் 800 வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். பேங்கில் போட்டிருந்தால் 8 சதவீதம் என்றாலும் வருஷத்துக்கு 16,000 ரூபாய் வட்டி. கல்யாணம், ஆஸ்பத்திரி, கும்பகோணம் ஜவுளிக்கடை என்று வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர் ஓடினால், சாவியைத் திருகும் முன்பே கிலோமீட்டருக்கு 4 ரூபாய் ஆகிவிட்டது. அப்புறம்தான் பெட்ரோல், டயர், இன்ஷூரன்ஸ், தேய்மானம். மறுபக்கம் வரவையும் எழுதித்தான் ஆக வேண்டும், அதுதான் தர்மம். உளுந்து அறுப்புக் காலத்தில் செடியை ரோட்டில் பரப்பிவைப்பார்கள். போகிற வருகிற கார்களே மிதித்துப் பயறைப் பிரித்துக் கொடுத்துவிடும். இதற்கு எந்தக் காரும் இதுவரை கூலி வாங்கியதில்லை. சி2 போடுகிறவர்கள் இதையும் மதிப்பிட்டுச் சேர்க்க வேண்டும்.

வண்டியின் பூர்விகத்தில் இந்தக் கணக்குக் குழப்பம் முதலிலிருந்தே உண்டு. மக்களுக்கு மலிவான கார் என்று சஞ்சய் காந்தி 1971-இல் தொடங்கிய மாருதி நிறுவனம், மக்கள் யாருக்கும் காரைக் கொடுக்காமலேயே எழுபதுகள் முடிவதற்குள் மூடிக்கொண்டது. அரசு அதை எடுத்துக்கொண்டு 1981-இல் மாருதி உத்யோக் ஆக்கியது. 1982-இல் ஜப்பானின் சுசுகியோடு ஒப்பந்தம். 1983 டிசம்பர் 14 அன்று முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி தம் கையால் கொடுத்தார். 796 சி.சி., மூன்று சிலிண்டர், விலை 47,500 ரூபாய். அந்தப் பருவத்தில் சாதாரண ரக நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 132 ரூபாய். ஆக, ஒரு காருக்கு 360 குவிண்டால், அதாவது 36 டன் நெல். வண்டியின் எடையோ சுமார் 650 கிலோ. துலாபாரத்தட்டில் காரை ஏற்றி எதிர்த்தட்டில் அதே காரின் எடையைப் போல 55 மடங்கு நெல்லைக் கொட்டினால்தான் வேண்டுதல் நிறைவேறும். ஏக்கருக்கு 20 குவிண்டால் என்று தாராளமாக வைத்தாலும் 18 ஏக்கரின் ஒரு போக விளைச்சல், ஒரு மணிகூட வாயில் போடாமல். மக்கள் கார் என்று பெயர். எந்த மக்கள் என்று யாரும் கேட்கவில்லை. 2005-இல் நெல் 570 ரூபாய், கார் 2 லட்சம். வகுத்துப் பாருங்கள், 351 குவிண்டால். இருபத்திரண்டு வருஷத்தில் டெல்டா விவசாயிக்குக் கார் 9 குவிண்டால் கிட்டே வந்திருந்தது.

இதற்கு மேல் ஒரு கணக்கு இருக்கிறது. விவசாயச் சங்கக் கூட்டத்தில் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. குறைந்தபோது 800-இன் வாரிசான ஆல்டோ கே10-இன் தொடக்க ஷோரூம் விலை சுமார் 3.70 லட்சம். அந்தப் பருவத்து நெல்லின் மத்திய ஆதரவு விலை 2,369 ரூபாய். அதாவது 156 குவிண்டால். நெல்லால் அளந்தால் கார் பாதி விலைக்கும் கீழே வந்துவிட்டது. "அப்படியானால் விவசாயி வசதியாகிவிட்டார்" என்று டெல்லியில் யாராவது துள்ளக்கூடும். துள்ள வேண்டாம். 156 குவிண்டால் என்பது மொத்த வரவு. நடவுக் கூலியும் அறுப்பு மிஷின் வாடகையும் உரமும் கழித்து மிஞ்சுவதில்தான் கார் வாங்க வேண்டும். தொழிற்சாலை, லட்சக்கணக்கில் செய்து ஒரு காரின் அடக்கத்தைக் குறைத்துக்கொள்ளலாம். மூன்று ஏக்கர்க்காரர் எதை லட்சக்கணக்கில் செய்வார்?

ஏ2 புத்தி என் கற்பனை, உண்மையில் ஜனங்கள் விலையைத்தான் பார்க்கிறார்கள் என்பவர்களுக்கு டாடா நானோவைக் காட்டுகிறேன். 2008-இல் அறிமுகம், 2009-இல் விற்பனை, ஒரு லட்சம் ரூபாய்க் கார் என்று உலகம் பூராவும் பேச்சு. 624 சி.சி., இரண்டு சிலிண்டர், ஒரே வைப்பர், சக்கரத்துக்கு மூன்றே நட்டு. சிக்கனத்தில் நம் பாட்டிமார்களை மிஞ்சிய வண்டி. விலையைப் பார்க்கிற ஜனங்கள் என்றால் அள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டாமா? 2018-இல் தயாரிப்பே நின்றுபோனது. மலிவு என்ற முத்திரை கௌரவத்தைக் கெடுத்தது என்பார்கள். அது சரிதான், ஆனால் பாதிதான். ஏ2 கணக்கில் சொந்த முதல் ஒரு செலவே கிடையாது. வாங்கிய அன்றைக்கே வாங்கிய விலை மறந்துபோகிறது. நானோவின் ஒரே பலம், வாங்குகிறவர் எழுதவே எழுதாத பத்தியில் இருந்தது. போதாததற்கு ஆரம்பக்கால நானோவின் டிக்கியை வெளியே இருந்து திறக்க முடியாது. பின்சீட்டை மடித்துத்தான் சாமான் வைக்க வேண்டும். ஒரு சிப்பம் அரிசியை மகள் வீட்டில் இறக்கத் தெரியாத வண்டிக்கு இந்த மண்ணில் என்ன வேலை? அம்பாசடருக்கு அந்தத் திறமை நிறையவே இருந்தது. ஆனால் அது குடிக்கிற எண்ணெய்க்கு ரொக்கம் எண்ண வேண்டும், ரொக்கம் ஏ2-விலும் வந்துவிடும். மிராசுகளோடு அதுவும் போயிற்று.

இவ்வளவு சொன்ன பிறகு 800-காரர்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொண்டார்கள் என்று முடிவுகட்டினால் அது அநியாயம். அவர்கள் கணக்கில் ஒரு சத்தியம் உண்டு. ரிப்பேர் வராத வண்டி என்று அவர்கள் சொல்வதன் உள்ளர்த்தம், பயமில்லாத ரிப்பேர் வரும் வண்டி. சேற்றில் இறங்கினால் 40 கிலோ சிப்பத்தில் 16 சிப்பத்து எடைதான். நாற்றங்காலில் நிற்கிற நாலு பேர் கை வைத்தால் தள்ளி ரோட்டில் ஏற்றிவிடலாம். ஃபேன் பெல்ட்டும் கேபிளும் அம்மாப்பேட்டையிலோ வலங்கைமானிலோ சைக்கிள் கடைக்குப் பக்கத்துக் கடையில் தொங்கும். டூவீலர் பார்க்கிற பையன்கூட ஸ்பேனரோடு தைரியமாகப் பக்கத்தில் வருவான். இன்றைய கார் நின்றால் லேப்டாப்போடு ஒருவர் வந்து, சென்சார் என்று ஒரு சொல்லை உதிர்த்துவிட்டு, வண்டியைத் திருச்சிக்குத் தூக்கிப் போவார். என்ன ஆகுமோ என்கிற கவலைக்கு ஏ2-விலும் சி2-விலும் இடமில்லை. அதற்கும் விலை போட்டால் 800 ஜெயிக்கக்கூடும். 2010 ஏப்ரலில் புகை விதி இறுகி, சென்னை உட்பட 13 நகரங்களில் 800-இன் விற்பனை நின்றபோது தஞ்சாவூர் அந்தப் பட்டியலில் இல்லை. 2014 ஜனவரியில் தயாரிப்பே நிற்கும் வரை அது இந்தப் பக்கத்து ஷோரூமில் வாங்கக்கூடிய வண்டியாகவே இருந்தது. மாசு விஷயத்தில் மாநகரம் ஆகாததற்கும் ஒரு லாபம்.

என் கட்சிக்குக் கடைசிச் சாட்சி, வண்டியை விற்கிற நாள். பதினைந்து வருஷம் தாண்டி, ஆர்.சி.யைப் புதுப்பித்து, பசுமை வரியும் கட்டிய பிறகு, சிங்கப்பூரிலிருந்து பேசும் மகன் "தள்ளிவிடுங்கப்பா" என்கிறான். வாங்க ஆள் வருகிறார். அந்த நிமிஷத்தில் நம்மாள் ஏ2-வை உதறிவிட்டுச் சி2-வுக்கு மாறுகிறார். பரணிலிருந்து ஒரு மஞ்சள் பை இறங்குகிறது. உள்ளே பேட்டரி பில், நாலு டயர் பில், டிங்கரிங், சீட் கவர், அந்த எலி கடித்த ஒயரிங் உட்பட அத்தனையும். தான் கழுவித் துடைத்த காலைகள், மச்சானின் கேபிள், முதலுக்கு வட்டி எல்லாம் விலைக்குள் ஏறி, அதற்கு மேல் சுவாமிநாதன் ஆணையத்தின் 50 சதவீதமும் உட்கார்ந்துகொள்கிறது. வந்தவரும் விவசாயிதான். ஆனால் இன்றைக்கு அவர் கொள்முதல் நிலையம். காந்தத் துண்டைக் கதவில் ஒட்டிப் பார்க்கிறார். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டி பூசியிருக்கிறது. 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று மெஷினைக் காட்டுகிற அதே தோரணையில் அந்த இடத்தைத் தட்டிக் காட்டி, "மாமா, இதுக்குக் கொஞ்சம் கழிச்சுக்கணும்" என்கிறார். விலை படிவதில்லை. நெல்லாக இருந்தால் மாமா இறங்கி வந்திருப்பார். களத்தில் கிடக்கும் நெல் ஒரு மழைக்கு முளைத்துவிடும் என்பது வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் தெரியும். வண்டி எங்கே முளைக்கப் போகிறது? துருப்பிடிக்கும், துரு கணக்கில் வராது.