பந்தியில் உட்காராத புரட்சி

கேள்வி: காட்டுபாவா தர்கா உள்ள நம் புதுக்கோட்டை மாவட்டத்தில், தர்கா வழிபாடே கூடாது என்பவர்கள் எப்படிக் காலூன்றினார்கள்?
- ஒரு வாசகி, அறந்தாங்கி

பதில்: மேடைப் பேச்சால் மட்டுமல்ல, பந்தியில் உட்காராமலும்தான்! 2004-இல் பி. ஜைனுல் ஆபிதீன் தலைமையில் உருவான, தர்கா வழிபாட்டை ஏற்காத தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத், 'வரதட்சணைக் கல்யாணத்தில் கை நனைக்காதே. மஹர் எனும் மணக்கொடையைக் கொடுக்க வேண்டியவன் மாப்பிள்ளை' என்றது. பெண்ணைப் பெற்றவர்கள் வயிற்றில் பால் வார்த்த பேச்சு அது. ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டுமென்றால் சாதி, மதம் பாராமல் ஓடிவரும் இளைஞர்களும் அவர்களிடம் உண்டு. அவசரத்துக்கு உதவியவன் பேச்சுக்கு ஊரில் மரியாதை கிடைக்கத்தானே செய்யும்!

ஆனால் காட்டுபாவாவிடம் இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து நேர்ந்துகொள்வது இந்த மண்ணின் சொத்து. அதைப் பழிப்பது எனக்கு உடன்பாடில்லை. பழைய ஜமாஅத் பெரியவர்களே, வரதட்சணைக் கல்யாணத்துக்கு இனி நீங்களும் திருமணப் பதிவேட்டைத் திறக்காதீர்கள்.