இலவசக் குடையும் இலவச மேகமும்

அனுப்புநர்: ஓட்டப்பிடாரம் வட்டாரத்து அலுவலகக் கணினிகளின் முன் அமர்ந்து பணியாற்றுவோர், தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்: மேகக் கணக்குகளின் மாண்புமிகு நிர்வாகம், ஆகாயம்.

பொருள்: பணிக் கணினிகளின் அமைப்புகள் மேகத்தின் வழியே ஒத்திசைக்கப்படுவது – நன்றி தெரிவித்தலும் மூன்று கோரிக்கைகள் சமர்ப்பித்தலும் – தொடர்பாக.

பார்வை: நிர்வாகத்தின் பயன்பாட்டு விதிமுறைகள் (எவராலும் படிக்கப்படாதவை, அனைவராலும் ஏற்கப்பட்டவை).

நிர்வாகத்தின் மேலான கவனத்திற்கு:

ஓட்டப்பிடாரம் கரிசல் மண். உளுந்தையும் கம்பையும் விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழைக்காக அண்ணாந்து நிற்கும் வானம் பார்த்த பூமி. மேகத்தை நம்பிப் பிழைப்பது இவ்வூருக்குப் புதிதன்று என்பதால், கணினி வேலைக்கும் மேகத்தையே நம்புமாறு நிர்வாகம் கேட்டுக்கொண்டபோது மனுதாரர்கள் மறுப்பேதும் சொல்லவில்லை. நிர்வாகத்தின் மேகம் வானத்தில் இல்லை என்பதும், அது வேறொருவர் கட்டடத்தில், வேறொருவர் பூட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளின் கூட்டமே என்பதும் பிற்பாடுதான் விளங்கின.

கணினியில் ‘அமைப்புகள்’ எனப்படுபவை, பணியாளர் தம் வசதிக்காகச் செய்துகொள்ளும் சிறு ஏற்பாடுகள்: எழுத்தின் அளவு, விசைப்பலகையின் மொழி, உலாவியில் குறித்துவைத்த பக்கங்கள், சேமித்த கடவுச்சொற்கள், முகப்புத் திரையின் படம் முதலியன. அவர் எந்தக் கணினியின் முன் அமர்ந்தாலும் இவற்றை அங்கே கொண்டுவந்து சேர்ப்பதே ஒத்திசைவு. இது மேகத்தோடு பிறந்த வித்தையன்று. விண்டோஸ் என்டி காலத்திலேயே ‘ரோமிங் புரொஃபைல்’ என்ற பெயரில், அமைப்புகள் அலுவலகத்தின் சொந்தச் சர்வரில் வைக்கப்பட்டு, காலையில் உள்நுழைகையில் இறங்கி, மாலையில் வெளியேறுகையில் ஏறின. கோப்புகள் பெருத்துவிட்டால் தேநீர் குடித்துத் திரும்பும்வரை திரை திறக்காது என்ற குறை அதற்கு உண்டு. ஆனால் சர்வர் அறையின் சாவி அலுவலகத்து ஆணியிலேயே தொங்கியது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது அதே மூட்டை மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியாக மேகத்துக்கு ஏறியது. கூகுளின் குரோம் உலாவியும் தன் பங்குக்கு ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டது.

பழைய கணினி மின்னழுத்தக் கோளாறில் மாண்டு, அதன் இடத்தில் புதியது வந்து அமரும் நாளில், குறித்துவைத்த பக்கங்களெல்லாம் தாமே வந்து வரிசையில் நிற்பது பெரிய உபகாரம். அதை மறைப்பது நன்றி கொன்ற செயலாகும். எனினும், இருக்கை மாறிய பணியாளரை முந்திக்கொண்டு வந்து வரவேற்பது அவர் வைத்திருந்த குற்றாலத்து அருவிப் படம். வராமல் நின்றுவிடுவது அவர் தமிழ் அடிக்கும் முறை. இயங்குதளத்தின் சொந்த ஏற்பாடுகளைச் சுமக்கும் மேகம், வெளியிலிருந்து நிறுவப்பட்ட தட்டச்சு மென்பொருளையும் எழுத்துருக் கோப்புகளையும் சுமப்பதில்லை. பழைய தட்டச்சுப் பொறியில் விரல் பழகிய ஒருவர், 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை அமைந்த கணினியில் அமர்ந்து, திரையைப் பாராமல் ‘அம்மா’ என்பதற்குரிய விசைகளை அழுத்தினால், வேறேதோ ஒரு சொல் விழும். இச்சொல்லுக்கு எந்த அகராதியிலும் பொருள் கிடையாது. வருமானச் சான்று கேட்டு வந்தவர் வரிசையில் நின்றுகொண்டிருக்க, திரையில் அருவி மட்டும் தடையின்றிக் கொட்டிக்கொண்டிருக்கும்.

கேட்டது வராத குறையைக் கேளாதது வந்து ஈடுசெய்கிறது. வீட்டுக் கணினியிலும் அலுவலகக் கணினியிலும் ஒரே கணக்கில் உள்நுழைந்து உலாவியின் ஒத்திசைவையும் இயக்கிவைத்தவர், முகவரிப் பட்டையில் ஓரெழுத்தை அடித்த மாத்திரத்தில், முந்தைய இரவு வீட்டில் தேடிய மூட்டுவலி மருந்தும் வரன் விவரமும் மனுக்கொடுக்க வந்தவர்களின் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. மேலும், ஒத்திசைவு என்பது காப்பு நகல் அன்று. ஓரிடத்தில் தவறி அழித்த குறிப்புப் பக்கம், சொல் தட்டாத பணியாளைப் போல, எல்லா இடங்களிலிருந்தும் ஒருசேர விலகிக்கொள்ளும்.

இச்சேவையில் பெரும்பகுதி இலவசம் என்பதை நிர்வாகம் அடிக்கடி நினைவூட்டுகிறது. இலவசத்தின் வரலாற்றை இவ்வூருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1872 செப்டம்பர் 5 அன்று ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார், 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, முதலில் ஷா லைன் நிறுவனத்தின் கப்பலை வாடகைக்கே அமர்த்தினார். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி கொடுத்த நெருக்கடியில் ஷா லைன் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வாடகைக் கப்பலில் ஏறிச் சுயராச்சியத்துக்குப் போக முடியாது என்று கண்ட பிறகே காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் சொந்தமாக வாங்கப்பட்டன. பதிலுக்கு வெள்ளைக் கம்பெனி, தூத்துக்குடி–கொழும்புக் கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. பின்பு கட்டணமே வேண்டாம் என்றது. அதற்கும் மேலே, ஏறி வருவோர்க்குக் குடையும் தருவதாகச் சொன்னது. 1911இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. அன்றைய வெள்ளைக் கம்பெனி குடையோடு நின்றுகொண்டது. இன்றைய நிர்வாகமோ மேகத்தையே இலவசமாகத் தருகிறது என்ற வகையில் வளர்ச்சி கண்கூடு.

வாடகைக் கப்பலைத் திரும்பப் பெறும் வழக்கமும் ஒழிந்துவிடவில்லை. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்ததையடுத்து, குஜராத்தின் வாடிநாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாஃப்ட் தன் சேவையை நிறுத்தியது. பணம் கட்டிப் பெற்ற உரிமங்கள் கையில் இருந்தும் அந்நிறுவனம் டெல்லி உயர்நீதிமன்றத்தின் படியேறியது. அம்மாத இறுதியில் சேவை திரும்பியது. பணம் கட்டியவர் கதையே இதுவென்றால், இலவசக் குடையின் கீழ் நிற்பவர் எந்தப் படியேறுவது என்பதை நிர்வாகமே விளக்கியருள வேண்டும். உள்நாட்டு மேகத்துக்கு மாறிவிட்டால் தீர்ந்தது என்பாரும் உண்டு. மத்திய அரசின் மின்னஞ்சல், தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாறியும் இருக்கிறது. பக்கத்து மாவட்டத்தார் என்ற பெருமிதத்துக்கு அதில் இடமுண்டு. ஆனாலும் கொடி மாறுவதால் மட்டும் வாடகைக் கப்பல் சொந்தக் கப்பலாகிவிடாது.

எனவே மூன்று கோரிக்கைகள் பணிவுடன் சமர்ப்பிக்கப்படுகின்றன. முதலாவதாக, அருவிப் படத்துக்கு முன்பாகத் தமிழ் விசைப்பலகையும் எழுத்துருவும் வந்துசேர வேண்டும். இரண்டாவதாக, அமைப்புகளைத் தன் சொந்தச் சர்வரில் வைத்துக்கொள்ள விரும்பும் அலுவலகத்துக்கு அந்த வாய்ப்பு ஏழு திரைகளுக்குப் பின்னால் ஒளிக்கப்படாமல், ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானின் பக்கத்திலேயே, அதே அளவில் வைக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, விலக நினைப்பவர் தம் மூட்டையை எந்தக் கணினியும் பிரிக்கக்கூடிய வடிவத்தில் எடுத்துச்செல்லக் கதவு ஒன்று திறந்திருக்க வேண்டும். ஏறுவதற்கு ஒரு சொடுக்கும் இறங்குவதற்கு ஒரு வழக்கும் என்பது கப்பல் தொழிலுக்கே அடுக்காத முறை.

இம்மனுவுக்கான பதிலை மேகத்தில் ஏற்றி வைக்காமல், அஞ்சலட்டையில் எழுதி ஓட்டப்பிடாரம் அஞ்சல் நிலையத்துக்கு அனுப்புமாறு வேண்டப்படுகிறது. அஞ்சலட்டைக்குக் காசு உண்டு; ஆனால் அதைப் படிக்க எந்தக் கணக்கிலும் உள்நுழைய வேண்டியதில்லை.

இப்படிக்கு,
மனுதாரர்கள்